நாலாம் நம்பர் வண்டி குடித்த தண்ணீர்

மூணு வருஷம் ஆகப்போகுது. அக்னி நட்சத்திரம் தொடங்கி நாலாவது நாள், காலை பதினொன்றரை மணி. எங்கள் மருத்துவமனை வளாகத்தில் ரத்த வங்கிக்கு எதிரே ஒரு சின்ன ஏற்றம் இருக்கிறது. நடந்து போனால் ஏற்றம் என்றே தெரியாது. அந்த இடத்தில் நாலாம் நம்பர் பேட்டரி கார் நின்றுவிட்டது. வண்டிக்குள் ஒரு பாட்டி, பக்கத்தில் அவருடைய மகள், மடியில் ஸ்கேன் கவர். திருச்சி வெயில் தார் ரோட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. டிரைவரும் செக்யூரிட்டி ஒருவரும் நானும் சேர்ந்து தள்ளிக்கொண்டு போய் ஓபி வாசலில் விட்டோம். பாட்டி இறங்கும்போது, "உங்களுக்குத்தான் சிரமம் குடுத்துட்டேன்பா" என்றார். அந்த வார்த்தை அன்று முழுக்க உள்ளுக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது. வண்டிகளைப் பராமரிப்பது என் வேலை. சிரமம் கொடுத்தது அவர் இல்லை.

எங்களிடம் ஆறு வண்டி. ஒவ்வொன்றிலும் 8 வோல்ட் பேட்டரி ஆறு, எல்லாம் சீரீஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, மொத்தம் 48 வோல்ட். ஒரு பேட்டரிக்கு நாலு செல், ஆக வண்டிக்கு 24 செல். தண்ணீர் ஊற்றும் வகை ஈய-அமில பேட்டரி, கொள்ளளவு (எவ்வளவு கரண்டைச் சேமிக்கும் என்பது) 170 ஆம்பியர்-மணி. அன்று சாயங்காலம் நாலாம் நம்பர் வண்டியின் சீட்டைத் தூக்கி, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். பெரும்பாலான செல்களில் பிளேட்டின் தலை வெளியே தெரிந்தது. தண்ணீருக்கு மேலே நின்ற பகுதி காய்ந்து, வெளுத்து, சுண்ணாம்பு பூசிய மாதிரி இருந்தது. காற்று பட்டுக் காய்ந்த பிளேட் திரும்பப் பழைய நிலைக்கு வராது. அந்த அளவுக்கு வண்டியின் ஓட்டம் நிரந்தரமாகக் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீர் யாரும் ஊற்றவில்லையா? ஊற்றியிருக்கிறார்கள். ஹவுஸ்கீப்பிங் தம்பி ஒருவர் பத்து நாளைக்கு ஒரு தடவை, வண்டியை சார்ஜில் போடுவதற்கு முன்னால், கழுத்து வரை நிரப்பியிருக்கிறார். அவரிடம் யாரும் முறை சொல்லிக் கொடுக்கவில்லை. சார்ஜ் ஏறும்போது சூட்டிலும் குமிழியிலும் உள்ளே இருக்கும் திரவம் உப்பி மேலே வரும். கழுத்து வரை நிரப்பிய செல்லில் இடம் ஏது? மூடி வழியாக வழிந்துவிடும். வழிந்தது தண்ணீர் இல்லை, ஆசிட். அதனால்தான் டெர்மினல் எல்லாம் வெள்ளையாகப் பூத்து, பேட்டரி வைக்கும் தட்டு துருப்பிடித்திருந்தது. வழிந்த ஆசிட்டுக்குப் பதில் மறுபடி வெறும் தண்ணீர். ஆசிட்டின் அடர்த்தியை, நாங்கள் கிராவிட்டி என்போம், ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால், 1270 காட்ட வேண்டிய செல் 1210 காட்டியது. அதனால் முதல் விதி இதுதான்: சார்ஜ் முடிந்த பிறகுதான் தண்ணீர், அதுவும் கழுத்துக்கு ஒரு விரல் கீழே வரை. சார்ஜுக்கு முன்னால் பிளேட் வெளியே தெரிந்தால், பிளேட் மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி சார்ஜில் போடுங்கள்.

ஆனால் எனக்கு இருந்த கேள்வி வேறு. தண்ணீர் எங்கே போகிறது?

ஒரு 50 மில்லி சிரிஞ்சும், கோடு போட்ட 80 பக்க நோட்டும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஓபி கிடையாது, வண்டிகள் சும்மா நிற்கும். ஆறு வண்டி, 144 செல். ஒவ்வொரு செல்லும் குறி வரை வர எத்தனை மில்லி கேட்கிறது என்று அளந்து ஊற்றி எழுதினேன். மூணு மணி நேரம் பிடித்தது. நாலு ஞாயிறு எழுதிய பிறகு நோட்டே பேச ஆரம்பித்துவிட்டது. ஒரு வண்டி வாரத்துக்குச் சராசரியாக 1,400 மில்லி குடித்தது. செல்லுக்கு 58 மில்லி.

மெக்கானிக்குகள் நாங்கள் "பேட்டரி கொதிக்குது" என்போம். உண்மையில் அது கொதிப்பு இல்லை. செல் நிரம்பிய பிறகும் கரண்ட் உள்ளே போய்க்கொண்டே இருந்தால், அந்தக் கரண்டுக்குச் செய்ய வேறு வேலை இல்லை. தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிளக்கிறது. செல் வோல்டேஜ் 2.35, 2.4 பக்கம் போனதும் குமிழி நன்றாகத் தெரியத் தொடங்கும். வெயிலில் ஆவியாகிப் போவதும் உண்டு, ஆனால் பெரும்பகுதி இந்தக் குமிழியாகத்தான் போகிறது. இதற்குக் கணக்கு உண்டு, விஞ்ஞானி ஃபாரடே போட்ட கணக்கு: தண்ணீரைப் பிளக்கவே போகும் ஒவ்வொரு ஆம்பியர்-மணிக்கும், ஒரு செல்லில் 0.336 கிராம் தண்ணீர் காலி.

58 மில்லியை 0.336-ஆல் வகுத்தேன். 172 வந்தது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 170 ஆம்பியர்-மணி. அதாவது ஒவ்வொரு வாரமும், ஒரு முழு சார்ஜுக்குச் சமமான கரண்டைத் தண்ணீரைப் பிளக்க மட்டும் செலவு செய்திருக்கிறோம். வண்டிக்கு வாரம் 10 யூனிட் மின்சாரம், ஆறு வண்டிக்கு 60 யூனிட். கூடவே ஒரு வண்டியிலிருந்து வாரத்துக்கு 1,700 லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன். காற்றில் அது நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். எங்கள் ஷெட்டுக்கு அப்போது மூணு பக்கமும் தகரம், ஒரு ஜன்னல் கிடையாது. ஆயுத பூசைக்கு அந்த ஷெட்டுக்குள் வண்டிகளுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றியிருக்கிறோம். நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. இப்போது பூசை வெளியே வேப்பமரத்தடியில், சார்ஜர் எல்லாம் அணைத்த பிறகுதான்.

பிளேட் காய்ந்ததும், ஓட்டம் குறைந்ததும், ஆசிட் வழிந்ததும், ஷெட்டில் வாயு சேர்ந்ததும் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவை. தேவைக்கு மேல் சார்ஜ். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது ஓட்டைக் குடத்துக்குத் தண்ணீர் சுமப்பது போலத்தான். அடைக்க வேண்டிய ஓட்டை சார்ஜரில் இருந்தது.

மிகை சார்ஜே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது. நன்னாரி சர்பத் கலக்காமல் வைத்தால் பாகு அடியில் தங்கிவிடும் அல்லவா? அதே மாதிரி சார்ஜ் ஏறும்போது பிளேட்டிலிருந்து வெளியே வரும் கனமான ஆசிட் செல்லின் அடியில் போய்த் தங்கும். மேலே நீர்த்தது, கீழே கெட்டி. அப்படியே விட்டால் பிளேட்டின் அடிப்பகுதி சல்ஃபேட் பிடித்துக் கெட்டுப்போகும். கடைசியில் வரும் அந்தக் குமிழிதான் இதைக் கலக்குகிறது. அதனால் எடுத்ததைவிட நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்கு கூடுதலாகத் திருப்பிக் கொடுப்பது நியாயம். எங்கள் வண்டிகள் ஒரு நாளைக்கு 80 ஆம்பியர்-மணி எடுக்கின்றன. கூடுதல் 12 போதும். நாங்கள் 28 கொடுத்துக்கொண்டிருந்தோம்.

நாலாம் நம்பர் வண்டியின் கதை தனி. அது மட்டும் வாரத்துக்கு 2 லிட்டர் கேட்டது. ஆனால் மூணாவது பேட்டரியின் இரண்டாவது செல் மட்டும் நாலு வாரமும் கிட்டத்தட்ட ஒன்றுமே குடிக்கவில்லை. முதலில் நல்ல செல் என்றுதான் நினைத்தேன். சார்ஜில் போட்டு மூடிகளைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மற்ற 23 செல்லிலும் சோடா பாட்டில் திறந்த மாதிரிப் பொரிந்துகொண்டிருந்தது. அந்த ஒன்றில் சத்தமே இல்லை. மல்டிமீட்டர் வைத்தால் 0.3 வோல்ட். உள்ளே பிளேட் ஷார்ட் ஆகிச் செத்துப்போன செல் அது. சார்ஜருக்கு அது தெரியாது, வழக்கம்போல 59 வோல்ட் கொடுக்கிறது. 24 செல் பங்கிட வேண்டியதை 23 செல் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 2.46-க்குப் பதில் 2.55. உயிரோடு இருந்த 23 செல்லும் ஒவ்வொரு ராத்திரியும் பொரிந்து தீர்ந்தது அந்த ஒரு செல்லால்தான். அதிகம் குடிக்கும் செல்லை எல்லாரும் சந்தேகப்படுவார்கள். குடிக்காத செல்லையும் சந்தேகப்படுங்கள்.

சார்ஜருக்கு வருகிறேன். 59 வோல்ட் என்பது கேட்பதற்குத் தப்பான எண் இல்லை. 25 டிகிரியில் இருக்கும் பேட்டரிக்கு அது சரி. ஆனால் மே மாதம் சாயங்காலம் ஏழு மணிக்கு வண்டி ஷெட்டுக்கு வரும்போது, பேட்டரியின் மேல் தெர்மாமீட்டர் வைத்தால் 42. சூடு ஏற ஏற அதே வோல்டேஜுக்கு அதிகக் கரண்ட் உள்ளே போகும், அந்தக் கரண்ட் இன்னும் சூடாக்கும். 25-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் செல்லுக்கு 4 மில்லிவோல்ட் அளவில் குறைக்க வேண்டும். கையேட்டுக்குக் கையேடு 3, 5 என்று கொஞ்சம் மாறும். 17 டிகிரி, 24 செல் என்று பெருக்கினால் 1.6 வோல்ட் வருகிறது. 59 கொடுக்கும் இடத்தில் 57.4 போதும். சூட்டைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர்களும் உண்டு, எங்களிடம் இருந்தவை அப்படிப்பட்டவை இல்லை. வெறும் டைமர் வைத்தவை, பன்னிரண்டு மணி நேரம் தள்ளிக்கொண்டே இருக்கும்.

சார்ஜர் சர்வீஸ் செய்பவரை வரவழைத்து, மார்ச் கடைசியிலிருந்து ஜூலை வரை 57.6, நவம்பரிலிருந்து பழையபடி 59, இடைப்பட்ட மாதங்களில் 58.2 என்று வைக்கச் சொன்னேன். டைமரை எட்டு மணி நேரத்துக்குக் குறைத்தோம். வண்டி வந்ததும் பிளக்கைச் சொருகுவதை நிறுத்தி, பேட்டரி ஆறட்டும் என்று ராத்திரி பத்தரைக்குத்தான் சார்ஜ் தொடங்குகிறது. ஷெட்டின் இரண்டு பக்கத் தகரத்தைப் பிரித்தாயிற்று. சார்ஜ் ஏறும்போது சீட்டைத் தூக்கி வைக்க ஒரு கட்டையும் உண்டு.

டிரைவர்களிடம்தான் அதிகம் பேச வேண்டியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி, டீ நேரத்தில் கால் மணி என்று கிடைத்த நேரமெல்லாம் சொருகிக்கொண்டிருந்தார்கள். பாதி காலியான பேட்டரிக்கு அதனால் கெடுதல் இல்லை. முக்கால்வாசி நிரம்பிய பேட்டரிக்கு, கொதிக்கிற வெயிலில், அது நேராகக் குமிழிக்குத்தான் போகும். "வேணாம் தம்பி" என்றால், நாலாம் நம்பர் டிரைவர் கேட்டார்: "நடுவழியில நின்னா பேஷண்டுக்கு யாருண்ணே பதில் சொல்றது?" நியாயமான கேள்வி. அந்தப் பாட்டியைத் தள்ளிக்கொண்டு போனது அவரும்தானே. சார்ஜ் மீட்டரில் நூற்றுக்கு 50-க்குக் கீழே போனால் சொருகலாம், இல்லையென்றால் வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு வண்டியின் டேஷிலும் அந்த இடத்தில் சிவப்புப் புள்ளி ஒட்டியிருக்கிறது.

வோல்டேஜைக் குறைத்தால் நன்னாரி சர்பத் பிரச்சினை திரும்ப வருமே என்று கேட்பீர்கள். வரும். அதற்காக மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் ஈக்வலைசிங் சார்ஜ், அதாவது எல்லா செல்லையும் சமமாக்க வேண்டுமென்றே கொடுக்கும் மிகை சார்ஜ். நான் பக்கத்தில் இருந்து, அரை மணிக்கு ஒரு தடவை கிராவிட்டி பார்த்து, அது ஏறுவது நின்றதும் நிறுத்திவிடுவேன். கிராவிட்டி குறைந்திருந்த செல்கள் சில இதில் மெல்ல மேலே வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் டிஸ்டில் வாட்டர் என்று வாங்கிய ஐந்து லிட்டர் கேனில் டிடிஎஸ் மீட்டர் (கரைந்த உப்பை அளப்பது) வைத்தபோது 38 காட்டியது. உப்பு நீக்கிய நல்ல டிஎம் வாட்டர் என்றால் சுழிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். தண்ணீர் மட்டும்தான் குமிழியாகப் போகும், அதிலுள்ள உப்பு போகாது. வாரா வாரம் ஊற்ற ஊற்ற உள்ளேயே சேரும். இரும்பு சேர்ந்தால் வண்டி சும்மா நிற்கும்போதே சார்ஜ் இறங்கும், குளோரைடு பிளேட்டை அரிக்கும். ஏசி மெஷினிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு நண்பர் குடம் குடமாகச் சேர்த்துக் கொண்டுவந்தார். பார்க்கப் பளிங்கு மாதிரி இருந்தது. ஆனால் அது செம்புக் குழாயையும் அலுமினியத் தகட்டையும் தூசியையும் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர். அவர் மனம் நோகாமல் அதைச் செடிக்கு ஊற்றச் சொன்னேன். காய்ச்சி ஆற வைத்த தண்ணீரும் ஆகாது. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு அப்படியே இருக்கும்.

பழைய பேட்டரி ஏன் புதுசைவிட அதிகம் குடிக்கிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். காரணம் ஆண்டிமனி. வெறும் ஈயம் மிருதுவான உலோகம், தினமும் ஆழமாக இறக்கி ஏற்றும் பேட்டரியில் அதில் வார்த்த பிளேட்டின் சட்டம் (ஃபிரேம்) தாங்காது. அதனால் ஈயத்தோடு ஆண்டிமனி சேர்த்து வார்க்கிறார்கள். பாசிட்டிவ் பிளேட்டின் சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்க அரிக்க, அந்த ஆண்டிமனி ஆசிட் வழியாகப் போய் நெகட்டிவ் பிளேட்டில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் ஹைட்ரஜன் சுலபமாக வெளிவரும், குறைந்த வோல்டேஜிலேயே குமிழி தொடங்கிவிடும். பெட்ரோல் காரில் வரும் மெயின்டனன்ஸ்-ஃப்ரீ பேட்டரியில் ஆண்டிமனிக்குப் பதில் கால்சியம் போடுகிறார்கள், தண்ணீர் மிகக் குறைவாகவே போகும். அதை எடுத்து வண்டி ஓட்டலாமா என்றால், தினமும் கிட்டத்தட்ட பாதி காலியாவதை அது தாங்காது. சீக்கிரம் கொள்ளளவு விழுந்துவிடும். குடிக்கிற பேட்டரியாக இருந்தாலும் உழைக்கிற பேட்டரிதான் எங்களுக்கு வேண்டும்.

மூடியிலேயே பல்லேடியம் வைத்த கேட்டலிஸ்ட் மூடிகளும் இருக்கின்றன. வெளியே போகும் ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் திரும்பத் தண்ணீராகச் சேர்த்துச் செல்லுக்குள்ளேயே சொட்டவிடும். நல்ல யோசனைதான். ஆனால் சார்ஜர் சரியில்லாத இடத்தில் இதைப் போட்டால் நோயை மறைத்த மாதிரி ஆகும் என்பது என் எண்ணம். பிளேட்டுக்கு நடக்கும் சேதம் நடந்துகொண்டேதான் இருக்கும், அதைக் காட்டும் தண்ணீர் மட்டம் மட்டும் இறங்காது. ஒரே குழாயில் எல்லா செல்லுக்கும் ஊற்றும் மிதவை மூடிகளையும் காட்டினார்கள். ஐந்து நிமிடத்தில் வேலை முடியும், எந்த செல் எவ்வளவு குடித்தது என்பது தெரியாமல் போகும். நான் சிரிஞ்சிலேயே இருக்கிறேன்.

"எல்லாரும் லித்தியத்துக்குப் போறாங்க, நீங்க இன்னும் இந்தப் பழசைக் கட்டிட்டு அழறீங்களே" என்று சிலர் கேட்கிறார்கள். 1859-இல் பிரெஞ்சு விஞ்ஞானி பிளாண்டே செய்த பேட்டரி இது, பழசுதான். 1899-இல் உலகத்தில் முதன்முதலாக மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய காரும் இதே ஈய-அமில பேட்டரியில்தான் ஓடியது. நிர்வாகம் லித்தியம் வாங்கித் தந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன். அதுவரை கையில் இருப்பதைச் சாகவிடக் கூடாது என்பதற்கு எனக்கு ஒரு பெரிய காரணம் உண்டு. ஒரு வண்டியின் ஆறு பேட்டரியில் நூறு கிலோவுக்கு மேல் ஈயம் இருக்கிறது. அது ஒரு வருஷம் முன்னதாகச் செத்தால், ஒரு வருஷம் முன்னதாக எங்கேயோ உருக்கப்படும். முறையான ஆலைக்குப் போனால் சரி. கொல்லைப்புறத்தில் உடைத்து உருக்குகிறவர்களிடம் போனால், அந்தப் புகையும் தூசியும் பக்கத்துத் தெருப் பிள்ளைகளின் ரத்தத்தில் போய்ச் சேரும். உலகத்தில் ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருப்பதாக 2020-இல் யுனிசெஃப்பும் பியூர் எர்த் அமைப்பும் சொன்னபோது, முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் காட்டியது இந்தப் பேட்டரி உருக்குவதைத்தான். மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டு அதில் எனக்குப் பங்கு இருப்பதை ஏற்க முடியவில்லை. பழைய செட்டைக் கொடுக்கும்போது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரின் ரசீது இல்லாமல் கொடுப்பதில்லை.

அந்த வருஷம் ஆகஸ்டுக்குள் வண்டிக்கு 1,400 மில்லி என்பது 700-க்கு இறங்கியது. நாலாம் நம்பரில் ஒரு பேட்டரியை மட்டும் மாற்றிச் சமாளித்தோம். காய்ந்துபோன பிளேட்டுகள் தேறவில்லை, நவம்பரில் ஆறு வண்டிக்கும் புது செட் வந்தது. முந்தின செட் 19 மாதம் ஓடியது. இந்த செட்டுக்கு இப்போது 28 மாதம் நடக்கிறது. புதுசில் வாரம் 450 மில்லி குடித்தது, இப்போது 600. ஆண்டிமனி தன் வேலையைச் செய்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

இந்த வாரம்தான் சார்ஜர்களை 57.6-க்கு இறக்கினோம். நேற்று ஞாயிறு. எனக்கு முதுகுப் பிடிப்பு, குனிய முடியவில்லை. நாலாம் நம்பர் டிரைவரே சிரிஞ்சைக் கேட்டு வாங்கி ஆறு வண்டிக்கும் ஊற்றினார். சாயங்காலம் நோட்டைப் புரட்டினேன். 24, 25, 23, 26 என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் நம்பர் வண்டி, 17-ஆம் செல்லுக்கு எதிரே 41. பக்கத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம். "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று கீழே எழுதியிருந்தார். மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன்.